மூன்று பெயர், ஒரு கையொப்பம்: ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் எங்கே தவறினார்?

2023 பிப்ரவரியில் ஜெர்மனியின் என்.டி.ஆர். ஒலிபரப்பு நிறுவனம், ஹிட்லர் எழுதியதாகச் சொல்லி 1983இல் உலகத்தையே ஏமாற்றிய போலி நாட்குறிப்புகளை முழுவதுமாக இணையத்தில் வெளியிட்டது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய மோசடி மறுபடி செய்தியானது. அதைப் பற்றிப் படிக்கப் போனால் ஒரு குழப்பம் வரும். ஒரு கட்டுரை, "ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் உண்மை என்று சான்று கொடுத்தார்" என்கிறது. இன்னொன்று "லார்ட் டேக்கர்" என்கிறது. மூன்றாவது "கேம்பிரிட்ஜின் பீட்டர்ஹவுஸ் கல்லூரித் தலைவர்" என்கிறது. மூன்று பேர் ஏமாந்தார்களா?

இல்லை, ஒரே ஆள்தான். ஹிட்லர் செத்துவிட்டார் என்பதை 1945இல் சான்றுகளோடு நிறுவியவரும் அவர்தான். போலிகளைப் பிடிப்பதில் கைதேர்ந்தவர் இவ்வளவு பெரிய போலியில் எப்படி விழுந்தார் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தப் பதவிகள் என்னவென்று தெரிய வேண்டும்.

பதவிப் பெயர்களும் பொருளும்

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் நம் பல்கலைக்கழகங்கள் போல அமைந்தவை அல்ல. அங்கே ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று நிலம், பணம், சட்டதிட்டம் வைத்திருக்கும் தனி அமைப்பு. பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. மாணவரைச் சேர்ப்பது, தங்க வைப்பது, சிறு குழுக்களாகப் பாடம் சொல்வது எல்லாம் கல்லூரியின் பொறுப்பு.

1. ஃபெலோ: கல்லூரியின் ஆசிரிய உறுப்பினர். வேலைக்காரர் என்பதைவிடப் பங்காளி என்பது பொருந்தும். கல்லூரியை ஆளும் குழுவே ஃபெலோக்கள்தான். ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் மட்டும் ஃபெலோவை 'ஸ்டூடன்ட்' என்பார்கள். ட்ரெவர்-ரோப்பர் 1946 முதல் 1957 வரை அங்கே 'ஸ்டூடன்ட்' என்று குறிப்புகளில் வருவதைப் பார்த்து, முப்பது வயதுக்கு மேலும் படித்துக்கொண்டிருந்தாரா என்று நினைக்க வேண்டாம்.

2. கல்லூரித் தலைவர்: ஒரு கல்லூரியில் மாஸ்டர், இன்னொன்றில் வார்டன், வேறொன்றில் ப்ரோவோஸ்ட், ரெக்டர், டீன் என்று பெயர் மாறும். பெரும்பாலும் ஃபெலோக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர்க் கல்லூரி முதல்வரைப் போலக் கையெழுத்துப் போட்டு உத்தரவிடும் ஆள் அல்ல. கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், கல்லூரிக்கு முகமாக இருப்பார். ஃபெலோக்கள் ஒத்துழைக்கவில்லை என்றால் பெரிதாக எதையும் நகர்த்த முடியாது. மரியாதை நிறைய, அதிகாரம் கொஞ்சம்.

3. ரீஜியஸ் பேராசிரியர்: அரசர் ஏற்படுத்திய பேராசிரியர் பதவி. ஆக்ஸ்ஃபோர்டின் நவீன வரலாற்று ரீஜியஸ் பதவி 1724இல் முதலாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் வந்தது. பிரதமரின் பரிந்துரைப்படி அரசரின் பெயரால் நியமனம் நடக்கும்.

4. ஆயுட்கால லார்ட்: பிரபுக்கள் சபையில் வாழ்நாள் முழுதும் இடம். பிள்ளைகளுக்குப் போகாது. ட்ரெவர்-ரோப்பருக்கு 1979இல் இது கிடைத்தது. 'கிளாண்டனின் பாரன் (பிரபு) டேக்கர்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அதிலிருந்து அவர் லார்ட் டேக்கர்.

இந்த நான்கும் ஒருவர் தலையில் சேர்ந்தபோது அந்தப் பெயருக்குச் சந்தையில் ஒரு விலை உண்டாயிற்று. 1983இல் பத்திரிகைகளுக்குத் தேவைப்பட்டது அந்தப் பெயர்தான்.

கிளாண்டன் முதல் உளவுத்துறை வரை

பிறந்தது 1914 ஜனவரி 15. இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், நார்தம்பர்லாந்தின் கிளாண்டன் கிராமம். அப்பா ஊர் டாக்டர். சார்ட்டர்ஹவுஸ் பள்ளி, பிறகு கிறைஸ்ட் சர்ச். முதலில் கிரேக்கம், லத்தீன் படித்து, பாதியில் வரலாற்றுக்கு மாறினார். 1940இல் முதல் புத்தகம்: பதினேழாம் நூற்றாண்டின் பேராயர் லாட் பற்றிய வரலாறு. மதகுருமாரின் அதிகாரத்தின் மேல் அவருக்கிருந்த ஒவ்வாமை அதிலேயே தெரிந்தது, கடைசி வரை போகவும் இல்லை. பீட்டர்ஹவுஸ் கதைக்கு இது வேண்டும்.

போர் வந்ததும் வானொலிப் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தார். எதிரியின் ஒற்றர்கள் அனுப்பும் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்கும் அந்தப் பிரிவு ஆரம்பத்தில் இயங்கியது, லண்டனின் வோர்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறைச்சாலைக் கட்டடத்தில். மெர்ட்டன் கல்லூரியின் பொருளாளர் கில்லும் இவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். இரவு நேரத்தில் உட்கார்ந்து, ஜெர்மன் ராணுவ உளவுத்துறையான ஆப்வேரின் சங்கேத எழுத்தில் ஒன்றை இருவரும் உடைத்துவிட்டார்கள். அது அவர்களுக்குக் கொடுத்த வேலையே இல்லை. சங்கேதம் உடைப்பதற்கென்றே இருந்த பிளெட்ச்லி பார்க்குக்குக் கோபம் வந்தது. அதிகாரத்தில் இருப்பவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காத குணம் அவருக்கு அப்போதே இருந்தது. 1983ஐப் பற்றி யோசிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

1945: ஒரு சாவை நிரூபிப்பது எப்படி

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. ஹிட்லர் எங்கே? பெர்லினைப் பிடித்திருந்தது சோவியத் படை. உடலைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை. ஸ்டாலினோ, ஹிட்லர் தப்பித்து ஸ்பெயினிலோ அர்ஜெண்டினாவிலோ இருக்கலாம் என்று மற்ற நாட்டுத் தலைவர்களிடம் சொன்னார். வதந்தி பெருகியது. செப்டம்பரில் பிரிட்டிஷ் எதிர்-உளவு அதிகாரி டிக் வைட், இதற்கு ஒரு முடிவு கட்டும்படி ட்ரெவர்-ரோப்பரிடம் பொறுப்பைக் கொடுத்தார். அவருக்கு அப்போது வயது 31.

உடல் கிடையாது. முக்கிய சாட்சிகளான ஹிட்லரின் பணியாள் லிங்கே, உதவியாளர் குன்ஷே, விமானி பௌர் மூவரும் சோவியத் சிறையில். கிடைப்பவர்களை வைத்துத்தான் வேலை. அவர் போன வழி இது:

1. கடைசி நாட்களில் ஹிட்லரோடு பெர்லின் நிலத்தடிப் பதுங்கு அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டார். பெரிய தலைகளை மட்டும் தேடவில்லை. காவலாளி, ஓட்டுநர், செயலாளர் என்று எல்லோரையும் தேடினார்.

2. ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொள்ள வாய்ப்பில்லாத சாட்சிகளைத் தனித்தனியே எடுத்தார். ஓட்டுநர் கெம்ப்கா, ஹிட்லர், அவர் மனைவி ஏவா பிரவுன் இருவரின் உடல்களையும் தோட்டத்துக்குக் கொண்டுவர உதவியவர். அமெரிக்கர் காவலில் இருந்தார். காவலர் கார்னாவ் தற்செயலாக அந்தப் பக்கம் போய், உடல்கள் எரிவதைப் பார்த்தவர். பிரிட்டிஷ் காவலில் இருந்தார். இருவர் சொன்னதும் அடிப்படையில் ஒன்றாகவே இருந்தது.

3. சின்ன முரண்பாடுகளைக் கண்டு பயப்படவில்லை. நேரத்தையும் ஆட்களின் வரிசையையும் உண்மை சொல்பவர்களே மாற்றிச் சொல்வார்கள். எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் நிலை.

4. வாய்ச்சொல்லோடு நிற்காமல் காகிதத்தைத் தேடினார்.

நான்காவதை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஹிட்லர் 1945 ஏப்ரல் 29 விடியற்காலையில் உயில் எழுதிக் கையெழுத்திட்டார். அதன் பிரதிகளோடு மூன்று பேர் பெர்லினிலிருந்து நழுவினார்கள். ஒருவர் லோரன்ஸ், போலிப் பெயரில் திரிந்தவர் பிடிபட்டபோது, கோட்டின் தோள்பட்டைப் பஞ்சுக்குள் தைத்து வைத்திருந்த காகிதங்கள் அகப்பட்டன. இது உண்மையா போலியா? மற்ற இரண்டு பிரதிகளும் கிடைத்தால் தெரிந்துவிடும். 1945 டிசம்பர் பனியில் ட்ரெவர்-ரோப்பர் பவேரியா போய், பெயர் மாற்றி ஒளிந்திருந்த ஸாண்டரைப் பிடித்தார். அவர் பிரதி ஒரு பெட்டியில் இருந்தது. மூன்றாமவர் யோஹன்மையர், இசர்லோன் ஊர்க்காரர். தன்னிடம் ஒன்றுமில்லை என்றே சாதித்தார். மணிக்கணக்கில் விசாரித்த பிறகு வீட்டுத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், உறைந்து கிடந்த மண்ணைக் கோடரியால் வெட்டி, புதைத்து வைத்திருந்த ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்தார். உள்ளே மூன்றாவது பிரதி.

மூன்று ஆட்கள், மூன்று ஊர்கள், மூன்று ஒளிவிடங்கள், ஒரே ஆவணம். காகிதத்தில் எழுதியிருப்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை. அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, ஒவ்வொரு கையும் நம்பத் தக்கதா என்று பார்த்தார். வரலாற்றாய்வில் இதைத்தான் ஆவணம் வந்த வழி என்கிறோம். உள்ளடக்கம் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும், வந்த வழி தெரியாத காகிதம் சான்றாகாது.

இந்த விசாரணை 1947இல் புத்தகமாக வந்து உலகெங்கும் விற்றது. வெளியிட்டது மாக்மில்லன் நிறுவனம். அந்தக் குடும்பத்தின் ஹரோல்ட் மாக்மில்லன் பத்தாண்டு கழித்துப் பிரதமரானார்.

பேராசிரியரும் அவருடைய சண்டைகளும்

1957இல் மாக்மில்லன் அவரை ரீஜியஸ் பேராசிரியராக நியமித்தார். அப்போது மிகப் பிரபலமாக இருந்த ஏ.ஜே.பி. டெய்லருக்குத்தான் கிடைக்கும் என்று பலர் எதிர்பார்த்திருந்தார்கள். 1960இல் ஆக்ஸ்ஃபோர்ட் வேந்தர் தேர்தலில் மாக்மில்லன் நின்றபோது, அவருக்காக ஆள் திரட்டி ஜெயிக்க வைத்தவர் ட்ரெவர்-ரோப்பர்.

எழுத்தாளராக அவருடைய பலம் பெரிய நூல்களில் இல்லை, நீண்ட கட்டுரைகளில் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை யாரோ ஒருவரை எதிர்த்து எழுதியவை. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில உள்நாட்டுப் போர் ஏன் வந்தது என்ற விவாதத்தை எடுத்துக்கொள்வோம். பிரபுப் பட்டம் இல்லாத நிலக்கிழார் வகுப்புக்கு அங்கே 'ஜென்ட்ரி' என்று பெயர். அவர்கள் பொருளாதாரத்தில் மேலேறினார்கள், அதற்கேற்ற அரசியல் அதிகாரம் கேட்டார்கள், போர் வந்தது என்றார் வரலாற்றாசிரியர் டானி. லாரன்ஸ் ஸ்டோன் என்ற இளம் ஆய்வாளர், பிரபுக்கள் கடனில் மூழ்கியதைக் காட்டி டானிக்கு வலுச் சேர்த்தார். ஸ்டோன் கணக்குகளைத் தவறாகப் படித்திருக்கிறார் என்று ட்ரெவர்-ரோப்பர் 1951இல் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். 1953இல் எதிர்வாதத்தை வைத்தார்: நிலத்தை மட்டும் நம்பியவர்கள் நொடித்துப்போனார்கள், அரசவைப் பதவியும் வக்கீல் தொழிலும் இருந்தவர்களே செழித்தார்கள், அரசவைக்கு வெளியே நின்றவர்களின் குமுறல்தான் போர். இந்த வாதமும் பின்னால் பலத்த விமரிசனத்துக்கு உள்ளானது. ஆனாலும் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை ஆவணக் காப்பகங்களுக்கு ஓட வைத்தது இந்தச் சண்டைதான். ஐரோப்பா முழுதும் அந்த நூற்றாண்டில் ஒரே நேரத்தில் அரசுகள் ஏன் ஆடின, சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களை எரித்த வெறி அறிவு வளர்ந்த காலத்தில் ஏன் பெருகியது என்று அவர் எழுப்பிய கேள்விகளுக்கும் இன்றுவரை உயிர் இருக்கிறது.

அவர் செய்த பெரிய அநியாயமும் இந்தக் காலத்ததே. 1963இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்தி ஒளிபரப்பான சொற்பொழிவில், ஆப்பிரிக்காவுக்குக் கற்பிக்கத் தக்க வரலாறு என்று ஒன்று இப்போதைக்கு இல்லை, ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் செய்ததன் வரலாறுதான் இருக்கிறது, மற்றது இருட்டு என்று பேசினார். அப்போதே பல நாட்டு ஆய்வாளர்கள் வாய்மொழி மரபையும் அரபு மொழிக் குறிப்புகளையும் தொல்லியலையும் வைத்து அந்த வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே யுனெஸ்கோ ஆப்பிரிக்கப் பொது வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. 'அந்தக் காலத்து ஆள்' என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. ஸ்டோனின் கணக்கை வரி வரியாகச் சரிபார்த்தவர், ஒரு கண்டத்தைப் பற்றி ஒன்றையும் சரிபார்க்காமல் தீர்ப்புச் சொன்னார். தன்னம்பிக்கை முந்திக்கொண்ட இடங்களில் அவருடைய வழிமுறை கைவிட்டுப்போனது.

பீக்கிங் மோசடிக்காரர்

1973இல் சுவிட்சர்லாந்தின் பாசல் விமான நிலையத்தில் அவர் கைக்கு ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. பீக்கிங்கில் வாழ்ந்து மறைந்த சர் எட்மண்ட் பேக்ஹவுஸ் என்ற சீன அறிஞரின் நினைவுக்குறிப்புகள். ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்துக்கு ஆயிரக்கணக்கான சீனச் சுவடிகளை அள்ளிக்கொடுத்த பெருமகனார் என்று பேர் வாங்கியவர். ட்ரெவர்-ரோப்பர் அந்தப் பிரதியில் உள்ளவற்றை வெளியாதாரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. இல்லாத கப்பல்களையும் துப்பாக்கிகளையும் அரசாங்கத்துக்கே விற்கப் பார்த்தவர், நடக்காத சந்திப்புகளை எழுதியவர், போலி ஆவணம் செய்தவர் என்று பேக்ஹவுஸின் வாழ்க்கை வெளிப்பட்டது. சீனாவின் பேரரசித் தாய் ஸிஷி பற்றி 1910இல் வந்த புகழ்பெற்ற புத்தகத்துக்கு ஆதாரமாயிருந்த சிங்-ஷான் என்ற அதிகாரியின் நாட்குறிப்பும் பேக்ஹவுஸின் கைவேலை என்று முடிவு கட்டினார். இந்த ஆய்வு 1976இல் நூலாக வந்தது.

போலி நாட்குறிப்பு ஒன்றை அடையாளம் காட்டிப் புத்தகம் எழுதி ஏழே ஆண்டுகளில் இன்னொரு போலி நாட்குறிப்பு அவர் முன்னால் வந்து நின்றது.

பீட்டர்ஹவுஸ்: தேர்ந்தெடுத்தவர்களோடு ஏழாண்டுப் போர்

1980இல், 66ஆம் வயதில், ஆக்ஸ்ஃபோர்டை விட்டுக் கேம்பிரிட்ஜ் வந்தார். பீட்டர்ஹவுஸ், கேம்பிரிட்ஜின் மிகப் பழைய கல்லூரி. ஈலி மறைமாவட்டப் பிஷப் ஹ்யூகோ டி பால்ஷாம் 1284இல் நிறுவியது. அளவில் சிறியது, அரசியலில் வலதுசாரிக் கோட்டை என்று பெயர் வாங்கியது. மாரிஸ் கௌலிங் என்ற வரலாற்றாசிரியரைச் சுற்றியிருந்த குழு, இடதுசாரிகளோடு மல்லுக்கு நின்ற ட்ரெவர்-ரோப்பர் நம் ஆள்தான் என்று நம்பி ஓட்டுப் போட்டது.

அவர்களுடைய கணக்கு தவறிப்போனது. மார்க்சிஸ்ட்களை எதிர்ப்பதும் மரபுவாதியாக இருப்பதும் ஒன்றல்ல. பாதிரியார் ஆதிக்கத்தை வெறுத்தவர், பதினெட்டாம் நூற்றாண்டு அறிவொளி மரபைப் போற்றியவர், சீர்திருத்தத்துக்குப் பயப்படாத 'விக்' (இங்கிலாந்தின் பழைய தாராளவாதக் கட்சி) மனநிலைக்காரர். கௌலிங் குழுவோ மத மரபையும் கல்லூரியின் பழைய வழக்கத்தையும் விடாமல் பிடித்திருந்தது. வந்த சில மாதங்களிலேயே மோதல். ஆட்சிக்குழுக் கூட்டம், விருந்து மேசை, நியமனம் என்று எல்லா இடத்திலும் இழுபறி. முன்னால் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: மாஸ்டருக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டு வேண்டும், ஓட்டுப் போட வேண்டியவர்களே எதிராளிகள்.

அப்படியும் ஒன்று நடந்தது. எழுநூறு ஆண்டாக ஆண்களை மட்டும் சேர்த்த கல்லூரி, அவர் காலத்தில் பெண்களைச் சேர்க்க முடிவு செய்தது. இதை எதிர்ப்பார் என்று நம்பி அவரைக் கொண்டுவந்தவர்களுக்கு இது தோல்வி. கேம்பிரிட்ஜில் கடைசி ஆண்கள் கல்லூரியான மாட்லின் 1988இல்தான் மாறியது. பீட்டர்ஹவுஸில் வீணான ஏழாண்டு என்று அவரே பின்னால் சொன்னார். அந்தக் கணிப்பை நான் ஏற்கவில்லை. சண்டை நிறைந்த ஏழாண்டுதான், ஆனால் அந்த வாசல் திறந்தது அப்போதுதானே.

இந்தச் சண்டைகளுக்கு நடுவே வந்தது 1983.

1983 ஏப்ரல்: நாள் நாளாக

பின்னணி சுருக்கமாக. ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் வார இதழின் நிருபர் கெர்ட் ஹைடமான். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் பழம்பொருள் வியாபாரம் செய்துகொண்டிருந்த மோசடிக்காரர் கோன்ராட் கூயாவ். கூயாவ் எழுத எழுத, ஹைடமான் வாங்க வாங்க, பத்திரிகை நிறுவனம் மொத்தம் 93 லட்சம் மார்க் கொடுத்து அறுபதுக்கும் மேற்பட்ட நோட்டுகளைச் சேர்த்தது. சொன்ன கதை இது: 1945 ஏப்ரல் 21இல் ஹிட்லரின் உடைமைகளோடு பெர்லினிலிருந்து கிளம்பிய விமானம் ட்ரெஸ்டனுக்கு அருகே பெர்னர்ஸ்டார்ஃபில் விழுந்தது, அதில் கிடைத்தவை. விமானம் விழுந்தது உண்மை. அந்தச் சேதி கேட்டு ஹிட்லர் கலங்கினார் என்பதற்கும் விமானி பௌரின் சாட்சி உண்டு. பொய்யை உண்மையான ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

இங்கிலாந்தில் வெளியிடும் உரிமையை ரூபர்ட் முர்டாக் வாங்க விரும்பினார். அவருடைய டைம்ஸ் குழும இயக்குநர்களில் ஒருவர் ட்ரெவர்-ரோப்பர். ஹிட்லரைப் பற்றித் தெரிந்தவர், கையருகில் இருப்பவர்.

1. ஏப்ரல் 8: சூரிச் போகிறார். வங்கி ஒன்றின் அறையில் மேசை மேல் நோட்டுகள் அடுக்கியிருக்கின்றன. சில மணி நேரம் பார்க்கிறார். முதலில் இருந்த சந்தேகம் அங்கேயே கரைகிறது.

2. ஏப்ரல் 22: ஸ்டெர்ன் அறிவிப்பு.

3. ஏப்ரல் 23, சனி: டைம்ஸ் இதழில் அவருடைய நீண்ட கட்டுரை. ஆவணங்கள் உண்மையானவை என்கிறார். ஹிட்லரின் எழுதும் பழக்கம் பற்றி இதுவரை எழுதியதையெல்லாம் திருத்த வேண்டியிருக்கலாம் என்றும் சொல்கிறார். ஆனால் அன்றைக்கே மனம் மாறிவிட்டது. டைம்ஸ் ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சந்தேகத்தைச் சொல்கிறார். அந்தத் தகவல், மறுநாள் நாட்குறிப்பை வெளியிடவிருந்த சண்டே டைம்ஸுக்குப் போகவில்லை. மாலையில் அதன் ஆசிரியரே தற்செயலாகக் கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிகிறது. முர்டாக்கிடம் கேட்கிறார்கள். அச்சடியுங்கள் என்கிறார்.

4. ஏப்ரல் 24–25: ஹாம்பர்க்கில் ஹைடமானைக் குறுக்கு விசாரணை செய்கிறார். நோட்டு வந்த வழி பற்றி ஹைடமான் முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் ஒத்துப்போகவில்லை. மறுநாள் பத்திரிகையாளர் கூட்டத்தில், கேமராக்களுக்கு முன்னால், தன் உறுதி தளர்ந்துவிட்டதை ஒப்புக்கொள்கிறார்.

5. மே 6: ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் போலி என்று அறிவிக்கிறது.

காப்பகத்துக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் போருக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தது. நோட்டுகளைத் தைத்த நூலில் செயற்கை இழை. மை புதியது. உள்ளடக்கத்தில் பெரும் பகுதி, ஹிட்லரின் பேச்சுகளைத் தொகுத்த டோமாரஸ் நூலிலிருந்து எடுத்தது. அந்த நூலின் பிழைகளும் சேர்ந்தே வந்திருந்தன. நோட்டின் அட்டையில் பழைய ஜெர்மன் எழுத்தில் ஒட்டிய முதலெழுத்துகளில் அடால்ஃபின் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்' இருந்தது. அட்டையிலேயே பிழை. பக்கங்களைப் பழசாகக் காட்டத் தேநீர் தெளித்திருந்தார் கூயாவ்.

எங்கே தவறினார்

முட்டாள்தனம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது விளக்கமாகாது.

1. குவியல் ஏமாற்றியது. ஒரு கடிதத்தைப் போலியாக எழுதலாம், அறுபது நோட்டு எழுத யாருக்குப் பொறுமை இருக்கும்? கூடவே ஓவியம், கடிதம், அடையாள அட்டை என்று ஒரு காப்பகமே இருந்தது. ஒன்றுக்கொன்று சாட்சியாகத் தோன்றியது. எல்லாம் ஒரே கையிலிருந்து வந்திருந்தால் அவை ஒன்றுக்கொன்று சாட்சியாகாது. யோஹன்மையரின் தோட்டத்தில் அவரே கண்டுபிடித்த பாடம் இது: சாட்சிகள் தனித்தனியாக இருக்க வேண்டும்.

2. கையெழுத்து ஒப்பீடு ஒரு வட்டத்தில் சுற்றியது. நாட்குறிப்பின் பக்கத்தையும் ஹிட்லரின் 'உண்மையான' கையெழுத்தையும் கொடுத்து நிபுணர்களிடம் ஒப்பிடச் சொன்னார்கள். ஒத்துப்போகிறது என்றார்கள். ஒத்துத்தானே போகும்? ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலும் கூயாவ் எழுதியவை இருந்தன.

3. பிறர் வாக்கை நம்பினார். காகிதத்தைச் சோதித்தாயிற்று, போருக்கு முந்தையதுதான் என்றார்கள். நோட்டுகளைக் காப்பாற்றி வைத்திருந்த அதிகாரி யாரென்று பத்திரிகைக்குத் தெரியும் என்றார்கள். இரண்டும் உண்மையல்ல. 1945இல் இப்படி யாராவது சொல்லியிருந்தால், அந்த அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றிருப்பார்.

4. மொழி. நோட்டுகள் பழைய ஜெர்மன் கையெழுத்து வடிவில் இருந்தன. அதை அவரால் சரளமாகப் படிக்க முடியாது. ஆக, அவர் பார்த்தது நோட்டுகளின் தோற்றத்தை. படித்துப் பார்த்திருந்தால், பேச்சுத் தொகுப்பின் சாரமற்ற நகல் என்பது கண்ணில் பட்டிருக்கும்.

5. ரகசியமும் அவசரமும். வேறு யாரிடமும் காட்டக் கூடாது, இன்று மாலைக்குள் பதில் வேண்டும். மோசடி செழிப்பது இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான். ஹாம்பர்க் கூட்டத்தில் அவரே இதைச் சொன்னார்: பத்திரிகையின் முந்திக்கொள்ளும் தேவைக்காக வரலாற்றுச் சரிபார்ப்பு முறையை ஓரளவு பலி கொடுக்க வேண்டியதாயிற்று என்று.

ஆறாவதாக ஒன்றும் உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. 1961இல் 'அடால்ஃப் ஹிட்லரின் உயில்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்த ஆவணத்துக்கு (மேலே சொன்ன உயில் அல்ல, வேறொன்று) அவர் முன்னுரை எழுதியிருந்தார். கொடுத்தவர் பிரான்ஸ்வா ஜெனு என்ற சுவிஸ் நாஜி அனுதாபி. மூலக் காகிதம் வெளிச்சத்துக்கு வராத அந்த ஆவணத்தை இன்று ஆய்வாளர்கள் பலத்த ஐயத்தோடு பார்க்கிறார்கள். வந்த வழி கேட்காமல் ஹிட்லர் காகிதத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தது 1983இல் முதல் முறை அல்ல.

விளைவுகள்

பணம் போனது, ஸ்டெர்ன் ஆசிரியர்கள் விலகினார்கள், 1985இல் கூயாவுக்கும் ஹைடமானுக்கும் நாலரை ஆண்டை ஒட்டிய சிறைத் தண்டனை. இவை வெளியில் தெரிந்த விளைவுகள். உள்ளே இருந்த ஆபத்து பெரியது. என்.டி.ஆர். வெளியிட்ட முழு உரையைப் படித்தால் தெரியும்: அந்த நோட்டுகளில் வரும் ஹிட்லருக்கு யூதப் படுகொலை தெரியவே தெரியாது. யூதர்களை எங்காவது குடியேற்ற இடம் தேடுகிற ஆளாக வருகிறார். அறுபது லட்சம் பேரைக் கொன்ற ஆட்சியின் தலைவனைக் கழுவிச் சுத்தம் செய்யும் உரை அது. முன்னாள் ரீஜியஸ் பேராசிரியரின் பெயர் அதற்கு மேல் இன்னும் சில வாரம் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

தன் பிழையை அவர் மறைக்கவில்லை. தவறான ஆலோசனை சொன்னதற்கு என்னைத் தவிர யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன் என்று எழுதினார். மற்றவர்கள் தங்கள் பங்கை மூடி மறைத்துக்கொண்டிருந்த நாட்களில் அப்படி எழுதியதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். 1987இல் ஓய்வு பெற்று ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் திரும்பினார். பீட்டர்ஹவுஸில் அவருக்குப் பின் மாஸ்டராக வந்தவர் கிறித்தவ வரலாற்று அறிஞர் ஹென்றி சாட்விக்.

2003 ஜனவரி 26இல் இறந்தார். ஆங்கில உள்நாட்டுப் போர் பற்றி அவர் எழுதுவதாக இருந்த பெருநூல் வரவே இல்லை. ஆனால் மேசை இழுப்பறைகளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வந்தன: அரச மருத்துவர் மயேர்னின் வரலாறு 2006இல், ஸ்காட்லாந்து தன்னைப் பற்றிக் கட்டிக்கொண்ட கதைகள் பற்றிய ஆய்வு 2008இல். 2011இல் வந்தது அவருடைய போர்க்கால நாட்குறிப்பு. உளவுப் பணியில் இருப்பவர்கள் நாட்குறிப்பு எழுதக் கூடாது என்பது விதி. அவர் எழுதினார், யாருக்கும் சொல்லாமல், மெல்லிய நோட்டுகளில். அந்த நோட்டுகளின் மேலும் முதலெழுத்துகள் இருந்தன. 'மன்னரின் பணியில்' என்ற அரசாங்கச் சொற்களின் முதலெழுத்துகள் அவை.